ரத்தம் கேட்கும் சீட்டில் இன்னொரு வரி எழுதுங்கள்: மகளிர் நோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும், மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தென்மாவட்டம் ஒன்றில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர் நான். அது பிழைப்பு. நண்பர்களோடு சேர்ந்து ஒரு ரத்த தானக் குழுவும் நடத்துகிறேன். இந்தக் கடிதத்தை அந்த இரண்டாவது வேலைதான் எழுத வைக்கிறது. அறுவை சிகிச்சையைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தரும் தகுதி எனக்கில்லை. ரத்தம் தேடி அலைபவர்களுடைய போன் எனக்குத்தான் வருகிறது என்பதால் சில கேள்விகள் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு வரும் அழைப்புகளில் விபத்து உண்டு, பிரசவம் உண்டு, டெங்கு உண்டு. இவை சொல்லிவிட்டு வருபவை அல்ல. இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் ஆளைத் தேடித்தான் ஆகவேண்டும், தேடுகிறோம். "கர்ப்பப்பையில் கட்டி, நாளைக்குக் காலையில் ஆபரேஷன், பி நெகட்டிவ் இரண்டு யூனிட்" என்று வரும் அழைப்பு அப்படியல்ல. ஸ்கேனில் ஃபைப்ராய்டு தெரிந்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று, காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதியும் வாங்கியாயிற்று. ரத்தம் போகும் என்பதும் முன்பே தெரியும். அத்தனையும் தெரிந்திருந்தும் வீட்டுக்காரர் கையில் முந்தின நாள் சாயங்காலம் ஒரு சீட்டு: "ரத்தம் அரேஞ்ச் பண்ணிக்கோங்க." நம் ஊரில் ஆர்.ஹெச். நெகட்டிவ் ரத்தம் நூறில் ஐந்து பேருக்கு இருந்தால் பெரிது. கோடை விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டால் பாசிட்டிவ் குரூப்புக்கே திண்டாட்டம்.

எங்களால் முடிந்த ரத்தத்தை இனியும் தருவோம். அதே சீட்டில், ரத்தம் போவதைக் குறைக்க என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் ஒரு வரி எழுத முடியுமா? நான் கேட்பது இவ்வளவுதான்.

மயோமெக்டமியில், அதாவது கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையை விட்டுவைக்கும் ஆபரேஷனில், ஏன் இவ்வளவு ரத்தம் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கர்ப்பப்பையை முழுதாக எடுக்கும்போது அதற்கு வரும் பெரிய ரத்தக் குழாய்களைக் கட்டி வெட்டிவிடுகிறார்கள். கட்டியை மட்டும் எடுக்கும்போது கர்ப்பப்பை உயிரோடு இருக்க வேண்டும், அதனால் ரத்த ஓட்டம் நிற்பதில்லை. கட்டியைச் சுற்றிய உறையில் ரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் பின்னிக்கிடக்கும். கட்டியைத் தோண்டி எடுத்ததும் அந்தப் பள்ளம் முழுக்கக் கசியும். தையல் போட்டு மூடும்வரை போய்க்கொண்டே இருக்கும். கட்டிகளின் எண்ணிக்கையும் அளவும் கூடக்கூட நேரமும் கூடும், இழப்பும் கூடும்.

அந்த நேரத்தில் ரத்தப்போக்கை மட்டுப்படுத்தும் மருந்துகள் புதியவை அல்ல. முதலில் டிரானெக்ஸாமிக் அமிலம். மாதவிலக்கில் அதிகம் போனால் 'பாஸ்' என்று என் கடையில் கேட்டு வாங்குகிறார்களே, அதே மருந்துதான் ஊசியாகவும் வருகிறது. உடம்பு ஒரு பக்கம் ரத்தத்தை உறைய வைத்தாலும் இன்னொரு பக்கம் அந்த உறைவைக் கரைத்துக்கொண்டும் இருக்கும். கரைக்கும் வேலையைச் செய்யும் பொருள் உறைவின் இழையில் போய் ஒட்டாமல் இந்த மருந்து தடுத்துவிடுகிறது. புதிதாக உறைவு எதையும் இது உண்டாக்குவதில்லை, உண்டானதைக் காப்பாற்றித் தருகிறது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகாமோட்டோவும் அவருடைய கணவர் ஷோசுகேவும். போருக்குப் பிந்தைய பஞ்ச காலம் அது. ஆராய்ச்சிக்குக் காசில்லை. ரத்தத்தைப் பற்றி ஆராய்ந்தால், போதாதபோது தங்கள் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தத் துறையைத் தேர்ந்தெடுத்ததாக உடாகோ பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1962இல் மருந்து வெளியுலகுக்கு வந்தது. பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் பெண்களுக்கு இது உதவும் என்று நம்பினார். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கும்படி உள்ளூர் மகப்பேறு மருத்துவர்களைச் சம்மதிக்க வைக்க அவரால் முடியவில்லை. 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த 'உமன்' ஆய்வு 2017இல் வெளிவந்தபோதுதான், பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் நேரும் சாவு குறைகிறது என்று உறுதியானது. உடாகோ அதற்கு முந்தின வருடமே இறந்துவிட்டார். கேட்க வேண்டியவர்கள் கேட்காததால் ஒரு மருந்து அரை நூற்றாண்டு காத்துக்கிடந்தது. ஆண் மருத்துவர்கள் நிறைந்த சபையில் ஒரு பெண் சொன்னாள் என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

இன்று நம் பிரசவ அறைகளில் இந்த மருந்தின் பெயர் தெரியாதவர்கள் இல்லை. அதே மருத்துவமனையில் ஃபைப்ராய்டு ஆபரேஷன் நடக்கும் தியேட்டரில் இது வழக்கமாகிவிட்டதா? சில இடங்களில் ஆகியிருக்கிறது. சில இடங்களில் அது அன்றைக்கு யார் டியூட்டியில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. என் வருத்தம் அதுதான்.

ஃபைப்ராய்டு ஆபரேஷனில் ரத்த இழப்பைக் குறைக்கும் வழிகளை எடைபோட்ட ஒரு காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது) உண்டு, அதன் புதுப்பித்த பதிப்பு 2014இல் வந்தது. எழுதியவர்கள் கேமரூன் நாட்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள். ரத்த வங்கி எட்டாத ஊர்களின் கஷ்டம் தெரிந்தவர்கள் எழுதியது என்பதால் எனக்கு அதன்மேல் கூடுதல் மரியாதை. 18 ஆய்வுகள், மொத்தம் 1250 பெண்கள். ரத்தக் குழாய்களைச் சுருக்கும் வாசோபிரெசினைக் கர்ப்பப்பைத் தசையில் ஊசியாகப் போட்டபோது சராசரியாக 246 மில்லி அளவுக்கு இழப்பு குறைந்திருக்கிறது. டிரானெக்ஸாமிக் அமிலத்தில் 243 மில்லி. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்க ஆபரேஷனுக்கு முன்பு பிறப்புறுப்பில் வைக்கும் மிசோபிரோஸ்டால் மாத்திரையில் 98 மில்லி. பிரசவத்தில் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கப் போடும் ஆக்ஸிடோசினுக்குப் பலன் தெரியவில்லை. கர்ப்பமில்லாத கர்ப்பப்பையில் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் குறைவு என்பதால் அதில் ஆச்சரியமில்லை. ஆனாலும் பிரசவத்தில் வேலை செய்கிறதே என்று அதையே இங்கும் போடும் பழக்கத்தைப் பார்க்கிறேன்.

எங்கள் முகாமில் ஒருவரிடம் பெரும்பாலும் 350 மில்லி எடுக்கிறோம். 243 மில்லி என்றால் அந்தப் பையில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தப் பையைத் தரும் ஆண் அடுத்த 90 நாட்களுக்கும், பெண் 120 நாட்களுக்கும் திரும்பக் கொடுக்க முடியாது. டிரானெக்ஸாமிக் ஊசியின் விலையோ சில பத்து ரூபாய்களில் அடங்கும். நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது.

மருந்தே வேண்டாம், ஒரு ரப்பர் குழாய் போதும் என்றும் அதே தொகுப்பாய்வு காட்டுகிறது. சிறுநீர் போகப் போடும் ஃபோலி குழாயைக் கர்ப்பப்பை வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டியபோதும் 240 மில்லி அளவுக்குக் குறைந்திருக்கிறது. ஃபோலி இல்லாத ஆபரேஷன் தியேட்டர் தமிழ்நாட்டில் இருக்குமா?

இந்த எண்களை வைத்து உங்களை மடக்கப் பார்ப்பதாக நினைக்க வேண்டாம். அந்தத் தொகுப்பிலுள்ள பல முடிவுகள் ஒரே ஒரு சிறிய ஆய்வை நம்பி நிற்பவை. டிரானெக்ஸாமிக் அமிலத்தின் அந்த 243 மில்லியும் 100 பெண்களிடம் நடந்த ஒரே ஆய்வில் கிடைத்ததுதான். சராசரி இழப்பு குறைந்தது என்றால் ரத்தம் ஏற்றவேண்டியவர்களின் எண்ணிக்கையும் அதே அளவு குறையும் என்று அர்த்தமில்லை, அது எனக்கும் தெரியும். டிரானெக்ஸாமிக்கை வைத்து மற்ற அறுவை சிகிச்சைகளில் பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. இதயத்தைத் தவிர்த்த மற்ற ஆபரேஷன்களில் 9,535 பேரிடம் நடந்து 2022இல் வெளிவந்த 'பாய்ஸ்-3' ஆய்வில், மோசமான ரத்தப்போக்கு 11.7 விழுக்காட்டிலிருந்து 9.1 விழுக்காடாகக் குறைந்தது. அதிசயம் இல்லை, ஆனால் கையில் இருக்கும் ஒரு மலிவான ஊசிக்கு இது சின்ன விஷயமும் இல்லை.

கால் நரம்பில் ரத்தம் கட்டியிருப்பவர், நுரையீரலில் ரத்தக் கட்டி வந்தவர், வலிப்பு உள்ளவர், சிறுநீரகம் பழுதானவர் இவர்களுக்கெல்லாம் டிரானெக்ஸாமிக்கை யோசித்துத்தான் போடவேண்டும். வாசோபிரெசின் இன்னும் கறாரான மருந்து. நன்றாக நீர்த்துப் போட்டால் கட்டியைச் சுற்றிய தசை வெளுத்து, ரத்தம் அடங்கிவிடும் என்கிறார்கள். தவறிப்போய் ரத்தக் குழாய்க்குள் இறங்கினால் நாடித்துடிப்பு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் போடுவதற்கு முன்பு மயக்க மருந்து டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். மிசோபிரோஸ்டாலுக்குக் குளிர் காய்ச்சல், வயிற்றுப்போக்கு உண்டு. யாருக்கு எது என்று முடிவு செய்வது உங்கள் வேலை. முடிவு எதுவானாலும் அது யோசித்து எடுத்ததாக இருக்கட்டும். 'எங்கள் யூனிட்டில் அது வழக்கமில்லை' என்பது மட்டும் காரணமாக இருக்க வேண்டாம்.

மருந்தாளுநராக ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்த மருந்தை அதிகம் பயன்படுத்தச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. டிரானெக்ஸாமிக் ஊசியின் ஆம்பூலும் (மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பி), முதுகில் போடும் புபிவகெய்ன் மயக்க மருந்தின் ஆம்பூலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் தயாரிப்புகள் உண்டு. மயக்க மருந்து என்று நினைத்து டிரானெக்ஸாமிக்கை எடுத்து முதுகுத்தண்டில் ஏற்றிவிட்டால் வலிப்பு வரும், பலர் இறந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் இதற்காகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஃபைப்ராய்டு ஆபரேஷன் பலவும் முதுகில் ஊசி போட்டே நடக்கின்றன. அதனால் இரண்டும் ஒரே டிரேயில் இருக்கவே கூடாது. டிரானெக்ஸாமிக் ஆம்பூலை மயக்க மருந்து டிராலியிலிருந்து பிரித்து, லேபிள் மேலே தெரியும்படி, தனி அலமாரியில் வையுங்கள். வாங்கும் அதிகாரிகள் டெண்டரில் விலையைப் பார்க்கும்போது ஆம்பூலின் நிறத்தையும் வடிவத்தையும் ஒரு கண் பார்க்கலாம். மலிவான ஒன்றை வாங்கி, அது பக்கத்தில் உள்ள இன்னொன்றின் இரட்டைப் பிள்ளைபோல இருந்தால் மிச்சம் பிடித்த காசு யாருக்கு?

அடுத்தது ரத்த சோகை. நான் அதிகம் கோபப்படுவது இதில்தான்.

ஃபைப்ராய்டு உள்ள பெண் ஆபரேஷன் மேஜைக்கு வரும்போதே பாதி ரத்தத்தை மாதவிலக்கில் தொலைத்துவிட்டுத்தான் வருகிறாள். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்த சோகை. ஃபைப்ராய்டே இல்லாதவர்களையும் சேர்த்த கணக்கு இது. ஹீமோகுளோபின் 7, 8 என்று இருக்கும் பெண்ணுக்கு மேஜையில் 400 மில்லி போவதும், 12 இருப்பவளுக்கு அதே 400 போவதும் ஒன்றா? முதலாமவளுக்கு எங்கள் போன் அடிக்கும். இரண்டாமவள் அநேகமாக யாருடைய ரத்தமும் இல்லாமல் வீட்டுக்குப் போவாள்.

கர்ப்பிணிக்கு ரத்தம் குறைந்தால் நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்புச்சத்து ஊசியை ஏற்றிவிடுகிறோம். நல்ல திட்டம், பெருமைப்படலாம். ஆனால் நாற்பது வயதில் மாதாமாதம் கொட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு? ஒரு பட்டை இரும்புச்சத்து மாத்திரை, "அடுத்த மாசம் வாங்க." அவளும் மலச்சிக்கல் என்று பாதியில் நிறுத்திவிடுவாள். அப்புறம் ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஹீமோகுளோபின் பார்த்து, ரெண்டு யூனிட் ஏற்றிவிட்டு மேஜைக்குக் கொண்டு போவார்கள். ஒரு யூனிட் ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் ஒன்று கூடும். தேதி குறித்த அன்றே இரும்புச்சத்து ஊசியைத் தொடங்கியிருந்தால் சில வாரங்களில் அவளுடைய எலும்பு மஜ்ஜையே அந்த வேலையைச் செய்திருக்கும். இடைப்பட்ட நாட்களில் ரத்தப்போக்கை நிறுத்திவைக்க ஹார்மோன் ஊசிகளும் உண்டு. லூப்ரோலைடு போட்டால் மாதவிலக்கு நின்று, கட்டியும் சுருங்கி, ரத்தமும் ஏறும். விலை கூட, உடம்பு சூடேறும், கட்டியைப் பிரித்தெடுப்பதும் சற்றுக் கடினமாகலாம் என்கிறார்கள். எல்லோருக்கும் வேண்டாம், வேண்டியவர்களுக்காவது அப்படி ஒரு வழி இருப்பதைச் சொல்லலாமே.

ரத்தப்போக்கைப் பற்றிய பயம் இன்னொரு முடிவுக்கும் கொண்டுபோய் விடுகிறது. "கட்டியை மட்டும் எடுத்தால் ரொம்ப ரத்தம் போகும்மா, கர்ப்பப்பையையே எடுத்துடலாம், குழந்தைதான் பெத்தாச்சே." முப்பத்தைந்து வயதுப் பெண்ணிடமும் இதைச் சொல்கிறார்கள். பல பெண்களுக்கு அதுவே சரியான சிகிச்சையாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைப் பற்றி டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்து, ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. ரத்தம் போகும் என்பதுதான் கர்ப்பப்பையை எடுக்கக் காரணமென்றால், ரத்தம் போவதைக் குறைக்கும் வழிகளையும் அதே நாற்காலியில் உட்கார வைத்துச் சொல்வதுதானே முறை? அதைக் கேட்டுவிட்டு அவளே எடுத்துவிடச் சொன்னால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

அதிகாரிகளிடம் ஒன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் தாலுகா மருத்துவமனைக்கும் ஒருமுறை போய், தியேட்டர் குளிர்பெட்டியைத் திறந்து வாசோபிரெசின் இருக்கிறதா என்று பாருங்கள். பல தயாரிப்புகளைக் குளிரில் வைக்க வேண்டும், அதனால் மின்சாரம் போகும் ஊர்களில் அது வாங்கவே படுவதில்லை. அப்படியே, ரத்த இழப்பை எப்படி அளக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கண்ணால் பார்த்து "ஒரு முந்நூறு போயிருக்கும்" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதை நம்ப முடியாது, அதிகம் போகப்போக மதிப்பீடு குறைவாகவே விழும். ரத்தம் துடைத்து நனைந்த துணிகளைத் தராசில் வைத்துக் காய்ந்த எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. ரத்தத்தை உறிஞ்சிச் சேர்க்கும் சக்ஷன் பாட்டிலில் உள்ளதையும் கூட்டிக்கொண்டால் கணக்கு முடிந்தது. இந்தக் கணக்கு இருந்தால்தான் எந்த மருத்துவமனையில் எந்த மருந்து பலன் தருகிறது என்று நம்மிடமே ஒரு பதில் இருக்கும். அதற்குக் கேமரூனைப் பார்க்க வேண்டியதில்லை.

நாங்களும் எங்கள் பக்கத்தில் ஒன்று செய்யப்போகிறோம். ரத்தம் கேட்டு வருபவர்களிடம் இதுவரை குரூப், யூனிட், மருத்துவமனை, தேதி மட்டும் குறித்துக்கொள்வோம். இனி திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் கூடவே ஹீமோகுளோபின் எவ்வளவு, இரும்புச்சத்து ஊசி போட்டார்களா, ரத்தப்போக்கைக் குறைக்க மருந்து ஏதும் உண்டா என்று டாக்டரிடம் கேட்டீர்களா, இந்த மூன்றையும் கேட்போம். பதில் எதுவானாலும் ரத்தம் கிடைக்கும், யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம். அந்தக் கேள்விகளோடு ஒரு பெண்ணின் தம்பியோ மகனோ உங்கள் அறைக்கு வந்தால், "உனக்கு யார் இதெல்லாம் சொன்னது" என்று கடிந்துகொள்ளாமல் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். அவர்களை நாங்கள்தான் அனுப்பியிருப்போம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர், ரத்த தானக் குழு ஒருங்கிணைப்பாளர்